தையல்நாயகி மிஸ் கையெழுத்து வைக்காத தாங்கி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், அரியாலையிலுள்ள எங்கள் பட்டறையில் உலைக்குள் ஒரு தண்ணீர்த் தாங்கி வெந்துகொண்டிருந்த நேரத்தில், செல்வி தையல்நாயகி காலமான செய்தி வந்தது. உடுப்பிட்டியிலிருந்து அவருடைய தங்கை சிவபாக்கியம் தொலைபேசியில் அழைத்தார். “அக்கா போட்டா” என்றார். சிறுநீரகம் பழுதாகி மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தார் என்பது தெரியும். தெரிந்திருந்தும் நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

உலையை இடையில் அணைத்தால் உள்ளே இருக்கும் தாங்கி கெட்டுப்போகும் என்பதால், எவர் செத்தாலும் உலை தன் நேரத்துக்குத்தான் அணையவேண்டும் என்று சட்டம் வைத்தவர் தையல்நாயகி மிஸ்ஸேதான். ஆகையால் தாங்கி வெளியே வரும்வரை எல்லோரும் உலையடியிலேயே நின்றோம். அதன் பிறகுதான் கதவைப் பூட்டிக்கொண்டு செத்தவீட்டுக்குப் போனோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கொடுக்கும் நினைவுமலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று சிவபாக்கியம் கேட்டார். பதினாறு ஆண்டுகள் அவரோடு வேலை செய்தவன், பட்டறையின் பொறுப்பாளன் என்ற முறையில் என்னைக் கேட்டிருக்கிறார். இத்தகைய மலர்களில் இறந்தவர் எல்லோரும் புன்சிரிப்பும் பொறுமையும் உடையவராகவே இருப்பார்கள். மிஸ் அதிகம் சிரித்தவர் அல்லர். பொறுமை கண்ணாடியிடம் இருந்தது, மனிதரிடம் குறைவு. இருந்தபடியே எழுதுகிறேன். கடைசிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் இந்தக் கட்டுரையில் ஒரு குற்றம் இருக்கிறது, அது அவருடையது அல்ல.

எங்கள் பட்டறை சிறியது. பதினொரு குடும்பங்கள் கூட்டாக நடத்துவது. வெயிலில் தண்ணீர் சுடவைக்கும் தாங்கிகள் செய்கிறோம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் வெறும் இரும்பை இரண்டு மூன்று வருடத்தில் தின்றுவிடும். அதனால் தாங்கியின் உட்புறத்தில் கண்ணாடித்தூளைக் குழம்பாக்கிப் பூசி, உலையில் வைத்து உருக்கி, இரும்போடு ஒட்டச் செய்கிறோம். இனாமல் கோப்பையில் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான். கண்ணாடி முழுசாக இருக்கும்வரை தண்ணீர் இரும்பைத் தொடாது.

மிஸ் எங்களிடம் வந்தபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன் ஒரு பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். பிள்ளைகள் கூப்பிட்ட “மிஸ்” அவரோடு பட்டறைக்கும் வந்தது. என்னைவிட ஐந்து வயது மூத்தவர், என்னைத் “தம்பி” என்றுதான் அழைப்பார். உடுப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் பட்டணத்துக்கு வந்து, அங்கே விட்டிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரியாலைக்கு மிதிப்பார்.

அவர் வந்த காலத்தில் எங்கள் தாங்கி எல்லாம் கொப்புளித்துக்கொண்டிருந்தன. உலையால் எடுத்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்கத் துளையும் கரும்புள்ளியும், தோசைக்கல்லில் வெந்த மா போல. கண்ணாடித்தூளைக் குறை சொன்னோம். தண்ணீரைக் குறை சொன்னோம். கடைசியில் கண்ணூறு நாவூறு என்று முடிவு செய்து வாசலில் ஒரு பூசணிக்காயும் கட்டினோம். மிஸ் முதல் நாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நாங்கள் பழைய இரும்புக்காரரிடம் வாங்கிய தகட்டில் ஒரு துண்டை எடுத்துச் சாணைக்கல்லில் பிடித்தார். பொறி பறந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பொறி நுனியிலை கிளைவிட்டுப் பூக்குது, பாத்தியளோ? இரும்பிலை காபன் கூடிப்போச்சு. சூட்டிலை அது வாயுவாகி, இளகின கண்ணாடிக்குள்ளாலை கொப்புளிச்சு வருது. கண்ணாடியிலை ஒரு பிழையுமில்லை.”

உலை பார்க்கும் அருளப்பு அண்ணை, “அப்ப பூசணிக்காய்?” என்று கேட்டார்.

“அதை இறக்கிக் கறி வையுங்கோ.”

காபன் குறைந்த தகட்டை, இனாமல் பூசுவதற்கென்றே செய்யப்பட்ட தகட்டை, வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கத் தொடங்கினோம். கொப்புளம் நின்றது. அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் ஒரு பாடத்தை மனத்தில் எழுதிக்கொண்டோம்: இரும்பு எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது. அது அரைப் பாடம் என்று மிஸ்ஸுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

அவர் வைத்த இன்னொரு சட்டம்தான் எங்களுக்குப் பெரிய தலையிடி. உலையால் இறக்கிய தாங்கி எட்டு நாள் தட்டில் இருக்கவேண்டும். எட்டாம் நாள் அவர் சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் உள்ளே விட்டு, விரலால் தடவிப் பார்த்து, பரிசோதனை அட்டையில் கையெழுத்து வைத்த பிறகுதான் வெளியே போகலாம். புதுத் தகடு ஒரு கட்டு வந்தால், முதலில் மூன்று துண்டு வெட்டிக் கண்ணாடி பூசிச் சுட்டு, அவற்றையும் ஒரு பிஸ்கற் தகர ரின்னில் எட்டு நாள் வைத்துப் பார்ப்பார். பட்டறையில் இதை நாங்கள் “எட்டு” என்றே சொன்னோம். சாவுக்கு எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவைப் போல. “உந்தத் தாங்கிக்கு எட்டு முடிஞ்சுதோ?” என்று அருளப்பு அண்ணை கேட்பார். மிஸ் முறைப்பார். நாங்கள் சிரிப்போம்.

ஒருநாள் நானும் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “மிஸ், ஆறின அண்டைக்கே பாத்தா என்ன? நல்லாத்தானே இருக்கு.”

“கண்ணாடி உடனை சொல்லாது தம்பி. ஆறுதலாத்தான் சொல்லும்” என்றார்.

பிறகு இறக்குமதி முடங்கிய காலம் வந்தது. எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் தகடு வரவில்லை. நாலு மாதம் உலை வாரத்தில் ஒரு நாள்தான் எரிந்தது. அப்போது கொழும்பில் ஒரு வியாபாரியிடம் கார் உடம்பு செய்கிற தகடு இருப்பதாக அறிந்து, நானே போய் ஒரு கட்டு ஏற்றி வந்தேன். அவ்வளவு அழகான இரும்பை எங்கள் பட்டறை கண்டதில்லை. முகம் பார்க்கலாம். வளைத்த பக்கம் வளைந்தது. சாணையில் பிடித்தால் பொறி நேரே ஓடியது, ஒரு பூவும் இல்லை. நான் பெருமையோடு மிஸ்ஸைப் பார்த்தேன்.

“உது மிச்சம் துப்புரவாக் கிடக்குது தம்பி” என்றார்.

“துப்புரவா இருந்தா நல்லதுதானே!”

அப்போதுதான் மற்ற அரைப் பாடத்தைச் சொன்னார். ஈரமும் சூடும் சேரும்போது உலைக்குள் ஐதரசன் உண்டாகிறது. கொதிக்கிற இரும்பு அதைக் குடித்துவிடுகிறது. ஆறும்போது குடித்ததை வைத்திருக்க முடியாமல் வெளியே விடப் பார்க்கிறது. ஆனால் அதற்குள் மேலே கண்ணாடி இறுகிக் கதவைச் சாத்திவிடும். இனாமலுக்கென்று செய்த தகட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் இருக்கும், ஐதரசன் அவற்றில் ஒதுங்கிக் கிடக்கும். இந்த அழகான தகட்டில் ஒதுங்க இடமே இல்லை. “உள்ளுக்கு இடமில்லாட்டி அது கண்ணாடியைத் தள்ளி உடைச்சுக்கொண்டு வரும். இண்டைக்கு இல்லை. நாலு நாளிலை, ஆறு நாளிலை. மீன் செதில் கழண்ட மாதிரி பிறை பிறையாக் கழரும். துண்டு சுட்டுப் பாப்பம். எட்டு முடியட்டும்.”

மூன்று துண்டு சுட்டார். எனக்கு அவசரம். அன்றே அதே தகட்டில் ஒரு தாங்கியும் செய்து உலையில் ஏற்றச் சொன்னேன். மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் சமையலுக்குப் புதுக் குசினி கட்டியிருந்தது. திறந்துவைக்கிற அன்பர் கனடாவிலிருந்து வந்து நின்றார். ஐயர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார், அந்த நாளை விட்டால் அந்த மாதத்தில் வேறு நாள் இல்லை. தாங்கி இல்லாமல் குசினியைத் திறப்பதா என்று இல்லத்தார் கேட்டார்கள். நாலு மாதத்துக்குப் பிறகு கிடைத்த முதல் பெரிய வேலை அது.

தாங்கி சுட்ட இரண்டாம் நாள் மிஸ்ஸின் தாயார் காலமானார். துடக்கு வீடு, சாவுத் தீட்டு. எட்டுச் செலவு முடியும்வரை அவர் வேலைக்கு வர வழியில்லை. செத்தவீட்டில் என்னைக் கண்டபோது, கண்ணீர் முகத்தோடு, “தட்டிலை இருக்கிறதைத் தொடாதேங்கோ” என்று மட்டும் சொன்னார்.

தாங்கி சுட்ட நாலாம் நாள் நான் அதைத் தொட்டேன். விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். கண்ணாடி வழுவழுவென்று இருந்தது, ஒரு கீறல் இல்லை. பிஸ்கற் ரின்னைத் திறந்து அந்த மூன்று துண்டுகளை மட்டும் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அன்று அவை நன்றாகத்தான் இருந்திருக்கும். அட்டையில் பரிசோதகர் கையெழுத்து இல்லாமல் இல்லத்தார் பொறுப்பெடுக்கமாட்டார்கள் என்பதால், அவருடைய பெயரை எழுதி, அவருடைய கையெழுத்தை நானே போட்டேன். அத்தனை வருடத்தில் எத்தனை தடவை பார்த்த கையெழுத்து. வெகு சுலபமாக வந்தது. தாங்கி லொறியில் ஏறியது. குறித்த நேரத்தில் பால் காய்ச்சினார்கள்.

எட்டுச் செலவு முடிந்து மறுநாள் வந்த மிஸ் நேரே ரின்னைத் திறந்தார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

“தாங்கி எங்கை?”

சொன்னேன். கையெழுத்தையும் சொன்னேன். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

“மூண்டு துண்டும் செதில் விட்டிட்டுது. திருப்பி எடுங்கோ.”

“இப்பத்தானே மிஸ் பொருத்திப் பூட்டினவை. கொஞ்ச நாள் போகட்டும், பேந்து மாத்திக் குடுப்பம்.”

அந்தப் “பேந்து” வரவேயில்லை. நல்ல தகடு வந்ததும் எடுக்கலாம் என்றேன். நல்ல தகடு வந்தது, அடுத்த வேலை முடியட்டும் என்றேன். மூன்று தடவை கேட்டார். அதன் பிறகு கேட்கவில்லை. நான் மறந்தேன் என்று சொல்லமாட்டேன். மானிப்பாய் பஸ்ஸைக் காணும்போதெல்லாம் நினைத்தேன். நினைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தேன்.

இரண்டு வருடம் கழித்து, நல்ல வெயில் மத்தியானம், அந்தத் தாங்கியின் அடி பிரிந்தது. செதில் கழன்ற இடமெல்லாம் இரும்பு தின்னப்பட்டு, பொருத்து ஓரம் காகிதமாகிப் போயிருந்தது. கீழே நின்று பானை கழுவிக்கொண்டிருந்தவர் சமையல்காரி யோகம்மா. கொதிதண்ணீர் வலது தோளிலும் கையிலும் முதுகிலும் கொட்டியது. ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தார். உயிர் தப்பியது. ஆனால் தோலும் சதையும் இறுகி, வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. இன்றுவரை அப்படித்தான்.

இல்லத்தார் மூன்று பேர் பட்டறைக்கு விசாரிக்க வந்தார்கள். அட்டையை மேசையில் வைத்தார்கள். ஒருவர் மிஸ்ஸைப் பார்த்து, “இது உங்கடை கையெழுத்தோ?” என்று கேட்டார்.

மிஸ் அட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். உலையின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மேசையில் இருந்த பேனையின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

“பேர் என்ரை பேர்தான்” என்றார் மிஸ்.

அந்தக் கிழமையே வேலையை விட்டார். சைக்கிளை எடுக்க வந்த அன்று வாசல்வரை கூடப் போனேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்கும் தகுதி இல்லாமலே கேட்டேன்.

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்” என்றார். “நீங்கள் சொல்லேல்லை. நான் சொன்னா உலை நிக்கும். உலை நிண்டா பதினொரு வீட்டு அடுப்பும் நிக்கும்.” பிறகு சைக்கிளில் ஏறப் போனவர் நின்று, “எனக்கும் அதிலை பங்கிருக்குத் தம்பி. மூண்டு தரம் சொன்னன். நாலாந்தரம் சொல்லேல்லையே” என்றார்.

அதற்குப் பிறகு உடுப்பிட்டியில் அவரைப் பற்றி என்ன பேசினார்கள் என்று நான் கேள்விப்பட்டேன். சமையல்காரியைச் சுட்ட தாங்கிக்குக் கையெழுத்து வைத்தவ என்றார்கள். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க ஒரு ரியூசன் நிலையத்தில் கேட்டபோது, முடியாது என்றுவிட்டார்களாம். நான் பட்டறையில் இருந்தேன். உலை எரிந்தது.

செத்தவீட்டில் யோகம்மாவைக் கண்டேன். நரைத்த நீண்ட கூந்தலை அள்ளி ஒரு துணியால் கட்டியிருந்தார். மிஸ்ஸின் தலைமாட்டில் இருந்து அழுதார். நான் யாரென்று அறிந்ததும் எழுந்து வந்து பேசினார்.

“மூண்டு வரியம் தம்பி, படுக்கையிலை விழுமட்டும் வியாழனுக்கு வியாழன் ரெண்டு பஸ் ஏறி வருவா. தோளுக்கு எண்ணெய் பூசி உருவிவிடுவா. எனக்குக் கை எழும்பாதெல்லே, தலை வாரி இழுத்துப் பின்னிவிடுவா. பிழை விட்டவதான், ஆனா மனிசி தங்கம். நான் எப்பவோ மன்னிச்சிட்டன்.”

நான் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. “ஓம் அம்மா” என்றேன். செத்தவீட்டில், அவருடைய உடலுக்கு முன்னால், இரண்டாம் தடவையும் நான் ஊமையாக நின்றேன்.

மிஸ்ஸின் எட்டுச் செலவன்று சிவபாக்கியம் அந்தப் பிஸ்கற் ரின்னை என் கையில் தந்தார். “தம்பியின்ரை சாமான், அவரிட்டைக் குடுத்துவிடு எண்டு அக்கா சொன்னவ.” வீட்டுக்குப் போகும்வரை திறக்கவில்லை. உள்ளே அந்த மூன்று துண்டுகள். கண்ணாடி பிறை பிறையாகக் கழன்று, கழன்ற செதில்கள் ரின்னின் அடியில் கிடந்தன. ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் அவருடைய எழுத்து: சுட்ட நாள், செதில் கண்ட நாள். மூன்றாவதில் அதன் கீழே இன்னொரு வரி. “தாங்கி நான் பாராமல் வெளியே போய்விட்டது. அட்டையில் உள்ளது என் கையெழுத்து அல்ல.” அன்றைய திகதி. விசாரணை நடந்த அன்று இந்த ரின் அவருடைய மேசை இழுப்பு லாச்சிக்குள் இருந்தது. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம்.

மறுநாள் பட்டறைக் குடும்பங்கள் எல்லோரையும் கூட்டி, நடந்ததைச் சொல்லி, பொறுப்பிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தேன். அருளப்பு அண்ணை முழுவதையும் கேட்டுவிட்டு, “வேலையை விட்டுப் போன அண்டைக்கு நாங்கள் அவவை வழியனுப்பக்கூட எழும்பேல்லையே” என்று சொல்லி வெளியே போய்விட்டார். சிவபாக்கியத்திடம் இதுவரை எழுதிய கட்டுரையை வாசித்துக் காட்டினேன். “போடுங்கோ. பின்பக்கத்திலை இல்லை, முன்பக்கத்திலை போடுங்கோ” என்றார்.

இனி ஒருவர் மிச்சம். நேற்று மானிப்பாய்க்குப் போனேன். வியாழக்கிழமை என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. யோகம்மா முற்றத்தில் கதிரையில் இருந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கூந்தலைக் காதோடு வெட்டியிருந்தார்.

“தலை இழுக்க ஆளில்லைத் தம்பி. வெட்டிப்போட்டன்.”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தகடு, ஐயர் குறித்த நாள், எட்டு, கையெழுத்து. பட்டறைக் கோப்பில் கிடந்த அட்டையையும் மூன்றாவது துண்டையும் அவருடைய மடியில் வைத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியும். இடது கையால் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு செதில் கழன்று அவருடைய சேலையில் விழுந்தது.

“அவ ஒரு நாளும் சொல்லேல்லை” என்றார். “நான் அவவுக்கு முன்னாலை, அவவின்ரை கை என்ரை தலையிலை இருக்கேக்கை, ‘உன்னை மன்னிச்சிட்டன் பிள்ளை’ எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். ‘ஓம் அம்மா’ எண்டுவா. பிழை செய்யாத ஆளையெல்லோ நான் மூண்டு வரியம் மன்னிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்.”

துண்டை என் பக்கம் நீட்டினார்.

“உங்களை மன்னிக்க எனக்கு ஏலுமோ தெரியேல்லை. ஏலாது எண்டுதான் நினைக்கிறன். போயிட்டு வாங்கோ.”

மிஸ், இந்த மலர் நாளை அச்சுக்குப் போகிறது. அட்டையில் நான் எழுதிய உங்கள் பெயரை வெட்டி, என் பெயரை எழுதி, அதையும் படமாகப் போடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் மூன்று தடவை சொன்னதை நான் கேட்கவில்லை. நாலாந்தரத்தை நானே சொல்லிவிட்டேன், நீங்கள் கேட்கமாட்டாத நேரத்தில். உங்கள் அந்தியேட்டிக்கு யோகம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். வெட்டிய கூந்தலோடு வருவார். அவரைக் காண்கிறவர்கள், அந்தத் தலையை வியாழனுக்கு வியாழன் வாரியவர் ஒரு பிழையும் செய்யாதவர் என்று அறிந்துகொள்ளட்டும். போய் வாருங்கள், மிஸ்.